ரெக்ஏ வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ஈ. கோலை பாக்டீரியாவின் ரெக்ஏ நொதியை வைத்து இழைமாற்றச் சோதனை (ஒரு டி.என்.ஏ.வின் இழையை இன்னொன்றோடு இணைக்கும் சோதனை) செய்பவர்கள் ஒருநாளாவது விளைபொருள் பட்டையே இல்லாத வெற்று ஜெல்லைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். மறுநாளே புதிதாக நொதி தயாரிக்க உட்கார்ந்து, பத்து நாள் உழைத்து, அதே வெற்று ஜெல்லை மறுபடியும் பார்த்தேன். பிழை நொதியில் இல்லை. நியூக்ளியோட்டைடு கரைசலில் இருந்தது. அன்றிலிருந்து நொதியின் மேல் பழி போடுவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொண்டேன். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்: செலவில்லாத சோதனைகள் முன்னால், பணமும் நாளும் கேட்பவை பின்னால்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆற்றல் தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்டையும் அது பிளந்தபின் மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட்டையும் தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டும் ‘ஏ.டி.பி.’ ஆகிவிடுகின்றன. இந்தச் சோதனையிலோ வெற்றியும் தோல்வியும் அந்த இரண்டின் வேறுபாட்டில் இருக்கின்றன. ஆகவே ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்றே எழுதுகிறேன். உறைபெட்டிக் குழாய்களிலும் அப்படியே எழுதி ஒட்டுங்கள்.

## தேடத் தொடங்கும் முன்

நான் பேசுவது வழக்கமான அமைப்பு. பைஎக்ஸ்174 வைரஸின் வட்டமான ஒற்றை இழை, நீளம் 5386 நியூக்ளியோட்டைடு. அதே டி.என்.ஏ.வின் இரட்டை இழை வடிவம், பிஎஸ்டி1 நொதியால் ஓரிடத்தில் வெட்டி நேராக்கப்பட்டது. ரெக்ஏ வட்ட இழையின் மேல் ஏறி, நேரான இரட்டையிலிருந்து ஓர் இழையைப் பிரித்து வட்டத்தோடு இணைக்கிறது. 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் மேலிருந்து கீழாக இணைப்பு மூலக்கூறுகள் (இழை பாதி மாறிய இடைநிலை), ஓர் இழை வெட்டுண்ட இரட்டை வட்டம் (முடிவான விளைபொருள்), நேரான இரட்டை, ஒற்றை இழை என்று பட்டைகள் நிற்க வேண்டும்.

அளவுகள்: ஒற்றை இழை 10 மைக்ரோமோலார், இரட்டை இழை 10 மைக்ரோமோலார், இரண்டும் நியூக்ளியோட்டைடு கணக்கில். ரெக்ஏ 4 மைக்ரோமோலார், ஒற்றை இழையைப் போர்த்தும் எஸ்.எஸ்.பி. புரதம் 1 மைக்ரோமோலார், மெக்னீசியம் அசிட்டேட் 10 மில்லிமோலார், ட்ரைபாஸ்பேட் 3 மில்லிமோலார், பி.எச். 7.5, வெப்பம் 37 டிகிரி.

ஒவ்வொரு ஜெல்லிலும் மூன்று தடங்களை ஒதுக்குங்கள்: ரெக்ஏ இல்லாதது, ட்ரைபாஸ்பேட் இல்லாதது, முன்பு நன்றாக வேலை செய்த பழைய ரெக்ஏ சேர்த்தது. இடம் போதவில்லை என்று மூன்றாவதை விட்டுவிடுவார்கள். அது இல்லாத ஜெல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

## அறிகுறி 1: ஒன்றுமே மாறவில்லை

போட்ட டி.என்.ஏ. போட்டபடியே இருக்கிறது. இணைப்பு மூலக்கூறும் இல்லை, வட்டமும் இல்லை. முதலில் பழைய ரெக்ஏ ஓடிய தடத்தைப் பாருங்கள்.

### பழைய ரெக்ஏவும் வேலை செய்யவில்லை என்றால்

நொதியைத் தொடாதீர்கள். குற்றவாளி பொதுக் கரைசல்களில் இருக்கிறான்.

முதல் சந்தேகம் ட்ரைபாஸ்பேட். இதன் சோடிய உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர மறந்தவர்கள் நிறையப் பேர். பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நடுநிலையாக்கிய கரைசலும் அறை வெப்பத்தில் கிடந்து, பலமுறை உருகி உறைந்திருந்தால் ஒரு பகுதி டைபாஸ்பேட்டாகச் சிதைந்திருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. 259 நானோமீட்டரில் உறிஞ்சளவு பார்த்து ‘செறிவு சரியாகத்தான் இருக்கிறது’ என்று நிம்மதி அடையாதீர்கள். ட்ரைபாஸ்பேட்டும் டைபாஸ்பேட்டும் அந்த ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுகின்றன. எது எவ்வளவு என்று கருவி சொல்லாது. புதிதாகக் கரைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதே மலிவான வழி.

அடுத்தது மெக்னீசியம். ட்ரைபாஸ்பேட் தன் பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 3 மில்லிமோலார் ட்ரைபாஸ்பேட்டுக்கு 3 மில்லிமோலார் மெக்னீசியம் போட்டால் டி.என்.ஏ.வுக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. 10 என்று எழுதியிருப்பது வீணுக்கல்ல.

மூன்றாவது, சேர்த்த வரிசை. என்னிடம் வரும் வெற்று ஜெல்களில் பெரும்பாலானவை இந்த வகை. எஸ்.எஸ்.பி. மிக வேகமாக ஒற்றை இழையைப் போர்த்திவிடும். ரெக்ஏவோ இழையில் முதல் இடம் பிடிக்க நேரம் எடுக்கும். பிடித்தபின்தான் விறுவிறுவென்று நீளும். எஸ்.எஸ்.பி.யை முதலில் ஊற்றினால் ரெக்ஏ வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். செல்லுக்குள் இந்தத் தடையை நீக்க ரெக்எஃப், ரெக்ஓ, ரெக்ஆர் போன்ற உதவிப் புரதங்கள் இருக்கின்றன. உங்கள் குழாயில் அவை இல்லை. ஆகவே ஒற்றை இழையையும் ரெக்ஏவையும் 37 டிகிரியில் 10 நிமிடம் தனியே விடுங்கள். பிறகு எஸ்.எஸ்.பி.யும் ட்ரைபாஸ்பேட்டும் சேர்த்து இன்னொரு 10 நிமிடம். இரட்டை இழை கடைசியில். எஸ்.எஸ்.பி. இல்லாமலே செய்துவிடலாமே என்று தோன்றும். ஒற்றை இழை தனக்குள் மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடங்களை நிமிர்த்துவது அதுதான். அதை விட்டுவிட்டால் இழைமாற்றம் நொண்டும்.

நான்காவது கணக்குப் பிழை. பேராசிரியர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 10 மைக்ரோமோலார் என்பது நியூக்ளியோட்டைடின் அளவு, மூலக்கூறின் அளவு அல்ல. மூலக்கூறு என்று எண்ணிப் போட்டால் 5386 மடங்கு டி.என்.ஏ. போட வேண்டிவரும்; அவ்வளவு டி.என்.ஏ. கையில் இல்லாதபோதுதான் பலருக்குப் பொறி தட்டும். ஒற்றை இழையில் 1 மைக்ரோமோலார் நியூக்ளியோட்டைடு என்பது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.33 மைக்ரோகிராம். 10 மைக்ரோமோலாருக்கு 3.3 மைக்ரோகிராம். ஒரு ரெக்ஏ மூன்று நியூக்ளியோட்டைடுகளை மூடும் என்பதால் 10 மைக்ரோமோலார் இழைக்குக் குறைந்தது 3.3 மைக்ரோமோலார் ரெக்ஏ வேண்டும். 2 மைக்ரோமோலார் போட்டால் இழையில் இடைவெளி விழும்; அந்த இடைவெளிகளை எஸ்.எஸ்.பி. பிடித்துக்கொள்ளும்.

### பழையது வேலை செய்கிறது, புதியது செய்யவில்லை என்றால்

இப்போதுதான் நொதியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் செறிவைச் சரிபாருங்கள். 280 நானோமீட்டரில் ரெக்ஏவின் மோலார் உறிஞ்சு கெழு 22,300. வண்ணச் சாயம் சேர்த்து அளக்கும் முறைகளில் ஒப்பீட்டுப் புரதத்தைப் பொறுத்து எண் நகரும், உறிஞ்சளவையே நம்புங்கள். அடுத்து நொதி எந்த பஃபரில் இருக்கிறது என்று பாருங்கள். சோடியம் குளோரைடு நிறைந்த பஃபரிலிருந்து அதிக அளவு எடுத்து ஊற்றினால் குளோரைடும் கூடவே வந்து ரெக்ஏ இழையைக் குலைக்கும். குளோரைடைவிட அசிட்டேட், குளுட்டமேட் உப்புகள் இதற்கு எவ்வளவோ மேல். அதுவும் சரியாக இருந்தால் அறிகுறி 5-க்குப் போய் ட்ரைபாஸ்பேட்டைப் பிளக்கும் வேகத்தை அளந்து பாருங்கள்.

## அறிகுறி 2: பாதி வழியில் நின்றுவிட்டது

இணைப்பு மூலக்கூறுகள் உருவாகின்றன. ஆனால் முடிவான வட்டம் வரவே இல்லை, அல்லது மங்கலாக வந்து நிற்கிறது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். 10-வது நிமிடத்தில் மாதிரி எடுத்துவிட்டு வட்டம் இல்லையே என்றால் அது பிழை இல்லை, அவசரம். 5, 15, 30, 60 நிமிடங்களில் எடுங்கள்.

அறுபதிலும் வரவில்லை என்றால் எரிபொருள் தீர்ந்திருக்கும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், மறக்காது. இழையில் அமர்ந்த ரெக்ஏ ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 30 ட்ரைபாஸ்பேட்டைப் பிளக்கிறது. 3.3 மைக்ரோமோலார் அமர்ந்திருந்தால் நிமிடத்துக்கு 100 மைக்ரோமோலார். 3 மில்லிமோலார் இருப்பு 30 நிமிடத்தில் காலி. 15-வது நிமிடத்திலேயே டைபாஸ்பேட் பாதிக்குப் பாதி சேர்ந்துவிடும். அந்த நிலையில் ரெக்ஏ இழை சிதறத் தொடங்கும், வேலை நிற்கும்.

தீர்வு, செலவானதை உடனுக்குடன் ஈடுசெய்யும் அமைப்பு: கிரியேட்டின் பாஸ்பேட்டும் கிரியேட்டின் கைனேஸும், அல்லது பாஸ்போஈனால் பைருவேட்டும் பைருவேட் கைனேஸும். சேர்த்திருக்கிறோமே என்பவர்கள் அந்தக் கைனேஸ் எப்போது கரைத்தது என்று குழாயின் மூடியைப் பாருங்கள். தேதி இல்லாத குழாய் என்றால் பதில் கிடைத்துவிட்டது. கைனேஸைப் புதிதாகக் கரைப்பதற்கு ஆகும் நேரம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

ஈடுசெய்தும் நிற்கிறதா? இரட்டை இழையைப் பாருங்கள். வேறு வகை வைரஸின் டி.என்.ஏ. தவறிப்போய் வந்திருந்தால் இணைப்பே அமையாது. ஆனால் ஒரு பகுதி மட்டும் ஒத்துப்போகும் பிளாஸ்மிட் என்றால் ஒத்த பகுதிவரை ஓடிவிட்டு நின்றுவிடும். இரு டி.என்.ஏ.க்களையும் ஒரே வெட்டு நொதியால் வெட்டி அளவுகளை ஒப்பிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒற்றை இழையைப் பெரும்பாலான வெட்டு நொதிகள் சரியாக வெட்டுவதில்லை. வரிசை படிக்க அனுப்புவதே நேர்வழி.

## அறிகுறி 3: எல்லாம் ஜெல்லின் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது

ரெக்ஏ இன்னும் டி.என்.ஏ.வை விடவில்லை என்று பொருள். எஸ்.டி.எஸ். என்ற சோப்பும் புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே-யும் சேர்த்து வினையை நிறுத்தினீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தும் இப்படி என்றால் மாதிரிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகத் திரிந்திருக்கிறதா? பொட்டாசியம் உப்பு உள்ள பஃபரில் எஸ்.டி.எஸ். ஊற்றிப் பனிக்கட்டியில் வைத்தால் அது பொட்டாசிய உப்பாகத் திரிந்து விழும். விழுந்த சோப்பால் புரதத்தைக் கழற்ற முடியாது. நிறுத்திய மாதிரிகளை அறை வெப்பத்திலோ 37 டிகிரியிலோ வையுங்கள். பனிக்கட்டி எப்போதும் பாதுகாப்பு என்ற பழக்கம் இங்கே எதிரி.

அதன்பிறகும் குழியில் நின்றால் நொதி கட்டிதட்டியிருக்கும். அதிவேகச் சுழற்சியில் சுற்றி, மேல்நீரை மட்டும் எடுத்து, செறிவை மறுபடி அளந்து ஓட்டுங்கள்.

## அறிகுறி 4: டி.என்.ஏ. காணாமல் போகிறது அல்லது புகையாக இழுக்கிறது

நியூக்ளியேஸ், அதாவது டி.என்.ஏ.வை வெட்டும் நொதி. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

ரெக்ஏ இல்லாத தடத்திலும் புகை இருந்தால் தண்ணீர், பஃபர், பிப்பெட் முனை, கையுறை ஆகிய நான்கையும் மாற்றுங்கள். ரெக்ஏ உள்ள தடத்தில் மட்டும் இருந்தால் உங்கள் தயாரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. எந்த வகை என்று அறிய மூன்று குழாய்கள் போதும். ஒன்றில் வட்டமான ஒற்றை இழை, இன்னொன்றில் நேரான ஒற்றை இழை, மூன்றாவதில் முறுக்கேறிய இரட்டை வட்டம். மூன்றிலும் ரெக்ஏவையும் மெக்னீசியத்தையும் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

நேரானது மட்டும் மறைந்தால் நுனியிலிருந்து மெல்லும் எக்ஸோநியூக்ளியேஸ். வட்டமும் உடைந்தால், அல்லது முறுக்கேறியது தளர்ந்து மெதுவாக ஓடும் பட்டையாக மாறினால், நடுவில் வெட்டும் எண்டோநியூக்ளியேஸ். முதல் வகையோடு சில நாள் குடித்தனம் நடத்தலாம். சோதனை வட்டத்தை அது தொடாது, இரட்டையைத் தொடுகிறதா என்று மட்டும் தனியாகப் பாருங்கள். இரண்டாவது வகையைச் சகிக்கவே கூடாது.

சுத்தம் செய்ய, முதலில் ஸ்பெர்மிடின் சேர்த்து ரெக்ஏவை வீழ்படிவாக்கிப் பாருங்கள். இது ரெக்ஏவுக்கே உரிய குணம். கூட வந்தவற்றில் பெரும்பகுதி மேல்நீரில் நின்றுவிடும். செலவும் குறைவு. போதவில்லை என்றால் ஹைட்ராக்சிஅபடைட் ரெசின் வழியாக ஒரு சுற்று. இரண்டு சுற்று ஓட்டியும் வெட்டு தொடர்ந்தால் மூன்றாவது சுற்றில் நேரத்தைக் கொட்டாதீர்கள். நியூக்ளியேஸ் மரபணுக்கள் நீக்கப்பட்ட வளர்ப்பினத்தில் புதிதாகத் தொடங்குங்கள், அல்லது இந்தப் புரதத்தை வழக்கமாகத் தயாரிக்கும் ஆய்வகத்தாரோடு பேசுங்கள்.

## அறிகுறி 5: ட்ரைபாஸ்பேட் பிளப்பு வேகம் நம்பும்படி இல்லை

பைருவேட் கைனேஸும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸும் இணைத்து, டைபாஸ்பேட் ஒன்று உருவானால் என்.ஏ.டி.எச். ஒன்று செலவாகும்படி வைத்து, 340 நானோமீட்டரில் என்.ஏ.டி.எச். குறைவதைப் பார்க்கும் முறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 5 மைக்ரோமோலார் ஒற்றை இழையும் 2 மைக்ரோமோலார் ரெக்ஏவும் போட்டால், இழையில் அமரக்கூடியது சுமார் 1.7 மைக்ரோமோலார்தான், உறிஞ்சளவு நிமிடத்துக்கு 0.3 அளவில் இறங்க வேண்டும்.

குறைவாக இருந்தால்: நொதியைத் திட்டும் முன், ரெக்ஏ இல்லாத குழாயில் 100 மைக்ரோமோலார் டைபாஸ்பேட்டை நேரடியாக விடுங்கள். உறிஞ்சளவு 0.6 அளவு உடனே சரிய வேண்டும். மெதுவாகச் சரிந்தால் இணைப்பு நொதிகள்தான் தடை. நீங்கள் அளந்தது ரெக்ஏவின் வேகத்தை அல்ல.

டி.என்.ஏ. சேர்க்காமலே அதிகமாக இருந்தால்: நொதித் தயாரிப்பில் டி.என்.ஏ. ஒட்டியிருக்கலாம். 260-க்கும் 280-க்கும் உள்ள உறிஞ்சு விகிதத்தைப் பாருங்கள். சுத்தமான புரதத்தில் 0.6-க்கு அருகில் இருக்கும். 1-ஐ நெருங்கினால் டி.என்.ஏ. உறுதி. விகிதம் சுத்தமாக இருந்தும் வேகம் அதிகம் என்றால் வேறொரு பிளப்பு நொதி கலந்திருக்கிறது, மறுபடி ரெசின்தான்.

## அறிகுறி 6: செயலிழந்திருக்க வேண்டிய திரிபு வேலை செய்கிறது

இந்த அறிகுறியை மகிழ்ச்சியோடு என்னிடம் கொண்டு வருவார்கள். 72-ஆவது லைசினை ஆர்ஜினினாக மாற்றிய ரெக்ஏ, ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்கும், பிளக்காது என்பது தெரிந்த செய்தி. ‘எங்கள் திரிபு பிளக்கிறது, புதிய கண்டுபிடிப்பு’ என்று ஆய்வேடு எழுதத் தொடங்கும் முன் ஒரே கேள்வி: எந்த வளர்ப்பினத்தில் தயாரித்தீர்கள்?

பிஎல்21(டிஇ3) என்றால் அதன் குரோமோசோமில் நல்ல ரெக்ஏ மரபணு இருக்கிறது. திரிபுப் புரதமும் செல்லின் சொந்தப் புரதமும் ஒரே அளவு, ஒரே குணம். எந்த ரெசினும் பிரிக்காது. இரண்டும் கலந்து ஒரே இழையாகவும் அமரும். ஜெல்லில் சுத்தமான ஒற்றைப் பட்டை, உள்ளே இரண்டு புரதங்கள். சுத்திகரிப்புக்காகத் திரிபில் ஹிஸ்டிடின் வால் ஒட்டியிருந்தாலும், சொந்த ரெக்ஏ இழையோடு இழையாகப் பின்னிக்கொண்டு கூடவே வந்துவிடும். ரெக்ஏ இல்லாத பிஎல்ஆர்(டிஇ3) போன்ற இனத்துக்கு மாறுங்கள். மாறியும் வேகம் மிஞ்சினால் பிளாஸ்மிடின் முழு மரபணுவையும், 1062 எழுத்துகளையும், வரிசை படிக்கக் கொடுங்கள். திரிபு இடத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதுவும் சரி என்றால் மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைநிரலளவி உள்ள மைய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம். லைசின் ஆர்ஜினினாகும்போது நிறை 28 டால்டன் கூடும். 38 கிலோடால்டன் புரதத்தில் அந்த வேறுபாட்டை நல்ல கருவி காட்டிவிடும்.

## அறிகுறி 7: ரெக்ஏ இல்லாத பாக்டீரியா புற ஊதாவில் சாகவில்லை

1965-இல் ஆல்வின் கிளார்க்கும் ஆன் டீ மார்குலிஸும் மறுசேர்க்கை (டி.என்.ஏ.க்களுக்கிடையே இழை மாற்றிக்கொள்வது) செய்யாத ஈ. கோலைத் திரிபுகளைப் பிரித்தெடுத்த காலம் முதல், புற ஊதாவில் எளிதில் சாவதுதான் இவற்றின் அடையாளம். அது சாகாமல் வளர்ந்தால்:

தட்டின் மூடியைத் திறந்து வைத்தீர்களா? சிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் மூடி 254 நானோமீட்டர் ஒளியை உள்ளே விடாது. அடுத்து, ஒளி காட்டியபின் தட்டை மேசை வெளிச்சத்தில் வைத்தீர்களா? ஃபோட்டோலையேஸ் என்ற நொதி கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டே புற ஊதாச் சேதத்தைச் சரிசெய்துவிடும். உடனே அலுமினியத் தாளில் சுற்றி அடைகாப்பானில் வையுங்கள். தடிமனாகக் கோடு இழுத்தாலும் மேல்செல்கள் கீழ்செல்களுக்குக் குடை பிடிக்கும், நீர்த்துச் சொட்டுங்கள். விளக்கு பழசா என்பதை இயல்பான இனத்தை நீண்ட நேரம் காட்டிப் பாருங்கள். அதுவும் சாகவில்லை என்றால் விளக்கை மாற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரி என்றால் இனம் மாறியிருக்கிறது. டிஎச்5ஆல்ஃபா என்ற ஈ. கோலை இனத்தில் உள்ளதுபோல ஒற்றை எழுத்து மாற்றத்தால் செயலிழந்த மரபணு அரிதாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம். மரபணு முழுவதும் நீக்கப்பட்ட இனம் தானாகத் திரும்ப வழியே இல்லை. நீக்கப்பட்ட இனமும் வளர்ந்தால் கலப்படம்தான். சேமிப்பிலிருந்து ஒற்றைக் காலனி எடுத்து மறுபடி தொடங்குங்கள். கண்ணாடியும் முகத்திரையும் போடாமல் அந்த விளக்கின் முன் நிற்காதீர்கள்.

## அறிகுறி 8: போன மாதம் நன்றாக இருந்தது

ஒரே குழாயைப் பத்து முறை உருக்கி உறைய வைத்திருப்பீர்கள். சிறு பங்குகளாகப் பிரித்து, கிளிசரால் சேர்த்து, −80 டிகிரியில் வைத்த குழாய் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை ஒரு முறை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதுவும் செத்திருந்தால் உறைபெட்டியின் வெப்பப் பதிவைக் கேளுங்கள். இரவில் மின்சாரம் போனதை யாரும் வந்து சொல்வதில்லை. பதிவேடே இல்லை என்றால், புதிய தயாரிப்புக்கு உட்காரும் முன் உறைபெட்டி பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அவர் வந்து போகும்வரை வேறொரு ஆய்வகத்திலிருந்து சோதித்த ரெக்ஏ ஒரு சிறு குழாய் கேட்டு வாங்கி ஓட்டுங்கள்.